விமானி வேலை: பயணிகள் விமானமா, கம்பெனி விமானமா?



பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் போய் வந்தவர்களுக்கு ஜெண்டராட்டா தோட்டத்தைத் தெரிந்திருக்கும். செம்பனை மரங்களுக்கு நடுவே அந்தத் தோட்டத்திற்கென்றே ஒரு சிறிய விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே டிக்கெட் விற்கும் முகப்பும் இல்லை, பயணப் பெட்டிகள் சுற்றி வரும் பட்டையும் இல்லை. அப்படிப்பட்ட தளத்தில் வந்து இறங்கும் சிறு விமானத்தையும் ஒரு விமானிதான் ஓட்டி வருகிறார். கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு நூற்றுக்கணக்கான பேரை ஏற்றிச் செல்பவரும் விமானிதான். இருவரும் ஒரே மாதிரியான பள்ளியில் பயின்று, ஒரே அதிகாரிகளிடம் உரிமம் பெற்றவர்கள். ஆனால் அவர்கள் வாழும் வாழ்க்கை வேறு வேறு. அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்றைய உரையில் பேசப் போகிறேன்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அப்பா வெட்டு மரத்திலும் அம்மா களையெடுப்பிலும் பாடுபட்ட வீட்டிலிருந்து இன்று பிள்ளைகள் விமானப் பயிற்சிப் பள்ளியின் விளம்பரத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தாளில் வெள்ளைச் சட்டையும் தோளில் பொன் பட்டைகளும் அணிந்த இளைஞன் சிரித்துக்கொண்டு நிற்பான். படிப்பு முடிந்த பிறகு அவன் யாரிடம் வேலை செய்வான், எப்படிப்பட்ட வேலை செய்வான் என்பது அந்தத் தாளில் இருப்பதில்லை. செலவோ சில இலட்சம் ரிங்கிட். அப்பாவின் சேமநிதியும் அம்மாவின் நகையும் அதில்தான் போகின்றன. ஆகவே முன்கூட்டியே விளங்கிக்கொள்வது நல்லது.

எளிதாகச் சொல்வதானால், ஒருவர் பட்டணத்துக்குப் போகும் பேருந்தை ஓட்டுகிறார். மற்றொருவர் துரையின் காரை ஓட்டுகிறார். பேருந்து ஓட்டுநருக்குப் புறப்படும் நேரம், போகும் பாதை, திரும்பும் நேரம் எல்லாம் முன்பே வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏறுகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. துரையின் காரோட்டியோ, துரை எப்போது கிளம்புவார், எப்போது திரும்புவார், இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெட்டியையும் அவரே தூக்கி வைப்பார். மரத்தடியில் மூன்று மணி நேரம் காத்திருப்பதும் அவர் வேலையில் சேர்ந்ததுதான்.

முதலில் இருவருக்கும் பொதுவான பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் அல்லது இயற்பியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். பிறகு மலாக்காவிலோ லங்காவியிலோ உள்ளதைப் போன்ற ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, ஏறத்தாழ 200 மணி நேரம் பறந்து, வணிக விமானி உரிமம் பெற வேண்டும். அதற்குக் குறைந்த வயது 18. பெரிய விமானத்துக்குத் தலைமை விமானியாக வேண்டுமானால் அதற்கு மேற்பட்ட உரிமம் ஒன்று உண்டு. அதற்கு 21 வயதும் 1500 மணி நேரப் பறப்பும் தேவை. இவை பன்னாட்டு விதிகள். 200 மணிக்கும் 1500 மணிக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் பல பிள்ளைகள் திணறுகிறார்கள்.

இனி விமான நிறுவனத்தில் சேர்ந்தவரைப் பார்ப்போம். மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஆசியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை இவ்வகை. சேர்ந்தவுடன் நேரே பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க விடமாட்டார்கள். போயிங் 737 அல்லது ஏர்பஸ் 320 என்று அந்தக் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி முதலில் நடக்கும். தரையிலேயே இருந்துகொண்டு ஆடி அசையும் ஒரு பாவனை விமானி அறை இருக்கிறது. சிமுலேட்டர் என்பார்கள். இயந்திரம் தீப்பிடிப்பது, ஒரு பக்க இயந்திரம் நின்றுபோவது, ஓடுதளம் தெரியாத மழை ஆகிய எல்லாவற்றையும் அதற்குள் வரவழைத்துப் பழக்குவார்கள். வேலையில் இருக்கும்வரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது விமானியின் திறனை இப்படிச் சோதிப்பது வழக்கம். தேறாதவர் மறுபடியும் பயில வேண்டும்.

அதன் பிறகு வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக அமர்வார். மாத அட்டவணை முன்கூட்டியே கைக்கு வரும். காலையில் பினாங்கு போய்த் திரும்பி, மறுபடி கோத்தா கினாபாலு போய்த் திரும்பி, இரவு வீடு வந்து சேர்வது ஒரு நாள் வேலையாக இருக்கும். எவ்வளவு எரிபொருள் வேண்டும், எந்தப் பாதை, வானிலை எப்படி என்பதையெல்லாம் தரையில் உள்ளவர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். விமானி அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்வார். உணவு ஏற்ற ஆள் உண்டு, பெட்டி ஏற்ற ஆள் உண்டு. பறப்பதற்கும் உச்ச வரம்பு இருக்கிறது: பல நாடுகளில் ஆண்டுக்கு 900 முதல் 1000 மணிக்கு மேல் பறக்கக்கூடாது.

இதில் சலிப்பும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே பினாங்கு, அதே ஓடுதளம், நாளுக்கு நான்கு முறை ஏறி இறங்குவது. தீபாவளியன்று அட்டவணையில் பெயர் இருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். இன்னொன்று மூப்பு வரிசை. பல நிறுவனங்களில் யார் முதலில் சேர்ந்தாரோ அவரே முதலில் தலைமை விமானியாவார். பத்தாண்டு உழைத்தபின் வேறு நிறுவனத்துக்கு மாறினால், அங்கே வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டி வரலாம்.

கம்பெனி விமானத்துக்கு வருவோம். செல்வந்தர்களும் பெரிய தொழில் நிறுவனங்களும் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானங்கள், வாடகைக்கு ஓடும் சிறு ஜெட் விமானங்கள் ஆகியவற்றை இங்கே ஒன்றாகவே பேசுகிறேன். சுபாங் விமான நிலையத்தின் ஓரத்தில் இவற்றைக் காணலாம். 1998இல் கே.எல்.ஐ.ஏ. திறந்து பெரிய விமானங்கள் அங்கே போன பிறகு சுபாங் இவற்றுக்கு வீடாயிற்று. சிங்கப்பூரில் சிலேத்தார் அப்படிப்பட்ட இடம். கல்ஃப்ஸ்ட்ரீம், ஃபால்கன், சைட்டேஷன் என்பவை இவ்விமானங்களின் பெயர்கள். சிலவற்றில் ஆறு பேர்தான் அமரலாம். சில, நடுவில் இறங்காமல் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கே பறக்கும். இவை அழகும் வேகமும் உள்ள பொறிகள். பெரிய பயணிகள் விமானங்களைவிட உயரத்தில் பறக்கக்கூடியவையும் இவற்றில் உண்டு.

இந்த விமானியின் தொலைபேசி இரவு பத்து மணிக்கு அடிக்கும். நாளைக் காலை ஏழுக்கு ஜகார்த்தா, அங்கிருந்து ஹாங்காங், பிறகு தெரியாது என்பார்கள். உடனே அவர் வானிலை பார்க்க வேண்டும். பறப்புத் திட்டம் கொடுக்க வேண்டும். அந்நிய நாட்டில் இறங்க அனுமதி கிடைத்ததா என்று கேட்க வேண்டும். எரிபொருளுக்கும் தங்கும் விடுதிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய கம்பெனிகளில் இதற்கு உதவியாளர் இருப்பர். சிறிய இடங்களில் விமானியே எல்லாம். முதலாளிக்குப் பிடித்த உணவு வந்ததா என்று பார்ப்பார், பெட்டிகளை ஏற்றுவார், எல்லாரும் இறங்கிய பின் இருக்கைகளைத் துடைத்து வைப்பார். இதைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. தன் விமானத்தின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தவர் அவர். இன்று பனி மூடிய சிறு நகரம், அடுத்த வாரம் தீவு ஒன்று என்று, பயணிகள் விமானி வாழ்நாளில் பார்க்காத ஓடுதளங்களையும் அவர் பார்ப்பார். தொழிலில் ஆவல் உள்ளவருக்கு அது பெரிய பாடசாலை.

ஆனால் காத்திருப்பு அதிகம், பறப்பு குறைவு. பெரும்பாலும் ஆண்டுக்கு 300, 400 மணிதான் கிடைக்கும். இதை மாணவர்களைப் போல் ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். கையில் 200 மணி இருக்கிறது. 1500க்கு இன்னும் 1300 வேண்டும். விமான நிறுவனத்தில் ஆண்டுக்கு 800 மணி பறந்தால் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். கம்பெனி விமானத்தில் 350 மணி பறந்தால் நான்கு ஆண்டுக்கு அருகில் வந்துவிடும். கடன் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்த இடைவெளி சிறியதல்ல.

வேலைப் பாதுகாப்பு எதில் அதிகம் என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், இரண்டிலும் உத்தரவாதம் இல்லை. 2014இல் எம்.எச். 370, எம்.எச். 17 என்ற இரு பேரிழப்புகளுக்குப் பின் நம் நாட்டு விமான நிறுவனத்தைச் சீரமைத்தபோது ஏறத்தாழ 6,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார்கள். 2020இல் கோவிட் நோய் வந்தபோது உலகெங்கும் விமானங்கள் வரிசையாகத் தரையில் நின்றன. பொன் பட்டை அணிந்த விமானிகள் உணவு விற்கவும் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கவும் இறங்கினார்கள். கம்பெனி விமானத்திலோ ஆபத்து வேறு விதமாக வருகிறது. முதலாளிக்கு நட்டம் வந்தால் முதலில் விற்பது விமானத்தைத்தான். விமானம் போன அன்றே விமானியின் வேலையும் போய்விடலாம். அந்த வகை விமானத்துக்குப் பயின்றவரை உடனே எடுத்துக்கொள்ள இன்னொருவர் பக்கத்தில் இருப்பார் என்று சொல்வதற்கில்லை.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. கம்பெனி விமானத்தில் சம்பளம் கொடுப்பவர், சில அடி தூரத்தில், முதுகுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். வானிலை சரியில்லை, இறங்க முடியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு விமானிக்கு வேண்டும். 2001 மார்ச் 29ஆம் தேதி அமெரிக்காவில் ஆஸ்பென் என்ற மலைநகரில் வாடகைக்கு எடுத்த ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் இருட்டும் நேரத்தில் தரையில் மோதி, அதிலிருந்த 18 பேரும் மாண்டார்கள். ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமலேயே விமானிகள் அளவுக்கு மீறித் தாழ்ந்து பறந்ததுதான் காரணம். வாடகைக்கு எடுத்தவர் இறங்கியே ஆக வேண்டும் என்று கொடுத்த நெருக்கடியும் அதற்குத் துணைபோயிற்று என்று விசாரணை கூறியது. தோட்டத்தில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்வதுதான் நம் பிள்ளைகளின் பழக்கம். விமானி அறையில் அந்தப் பழக்கம் உயிருக்கே கேடு. விமான நிறுவனத்திலும் நேரத்துக்குப் போக வேண்டும் என்ற நெருக்கடி உண்டு. ஆனாலும் அங்கே விமானி 'முடியாது' என்றால் அதைத் தாங்கிப் பிடிக்க எழுதிய விதிகளும் சங்கமும் பின்னால் நிற்கின்றன.

பயிற்சி விஷயமும் இப்படித்தான். 2023 ஆகஸ்ட் 17ஆம் தேதி லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த சிறு ஜெட் விமானம் ஷா ஆலாம் எல்மினா அருகே சாலையில் விழுந்து, சாலையில் சென்ற இருவரையும் சேர்த்துப் பத்துப் பேர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தரையில் இறங்கிய பிறகே விரிக்க வேண்டிய இறக்கைத் தகடுகள் ஆகாயத்திலேயே தவறுதலாக விரிந்துவிட்டன என்று விசாரணை அறிக்கை தெரிவித்தது. ஒரு கை தவறான பிடியைத் தொட்டால் போதும். அதனால்தான் எந்த வேலைக்குப் போனாலும், சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், சிமுலேட்டர் பயிற்சி ஆண்டுக்கு எத்தனை முறை, செலவு யாருடையது, துணை விமானிக்கும் முழுப் பயிற்சி உண்டா என்று கேட்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், கடன் வாங்கிப் படித்த பிள்ளை முதலில் விமான நிறுவனத்தில் சேர முயல வேண்டும். ஒழுங்கான பயிற்சியும் பறப்பு மணியும் அங்கேதான் விரைவாகச் சேரும். நிறுவனமே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கும் கேடட் திட்டம் அறிவிக்கப்பட்டால் விண்ணப்பிக்கத் தவறக்கூடாது. ஒப்பந்தப்படி சில ஆண்டுகள் அங்கேயே உழைக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனி விமானத்துக்குப் பிறகு மாறலாம். அனுபவம் உள்ளவரைத்தான் அவர்களும் பெரும்பாலும் விரும்புகிறார்கள். ஆனால் விமான நிறுவனங்கள் ஆள் எடுக்காத காலமாக இருந்து, நல்ல பயிற்சி தரும் கம்பெனி ஒன்று கூப்பிட்டால், வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. பறக்காத விமானியின் உரிமம் துருப்பிடித்த வெட்டுக் கத்தி மாதிரி. பயிற்சிப் பள்ளியிலேயே ஆசிரியராகி மணி சேர்ப்பவர்களும் உண்டு. ஆசிரியன் என்பதால் இதைச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம்!

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பலர் பின்னால் செய்கிறார்கள். முதல் வகுப்பு மருத்துவச் சோதனைதான் அது. அரசு அங்கீகரித்த விமான மருத்துவரிடம் இருதயம், காது, கண், நிறம் பிரித்தறியும் திறன் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருக்கிறானே என்று பயப்பட வேண்டாம். பன்னாட்டு விதிப்படி கண்ணாடியுடன் ஒவ்வொரு கண்ணும் 6/9 அளவுக்கும் இரண்டும் சேர்ந்து 6/6 அளவுக்கும் பார்த்தால் போதும். இந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே பள்ளிக்கு முன்பணம் கட்டுங்கள்.

விமானி ஆகாமலேயே விமானத்தோடு வாழ்நாள் முழுவதும் பழகும் தொழில் ஒன்று இருக்கிறது. செலவும் குறைவு. விமானப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பரைப் பற்றி அடுத்த வாரம் இதே நேரத்தில் பேசுவோம்.