சர்வரின் சாவி யாரிடம் இருக்கிறது?

வாலாஜாபேட்டை, மேல்விஷாரம் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை நமது பகுதியில் பல அலுவலகங்களின் கணக்குகள் இன்று காகிதத்தில் இல்லை. தோல் ஏற்றுமதி பில்கள், பள்ளிக்கூட மாணவர் பட்டியல், ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர், உதவி பெறும் விதவைகளின் விவரம் என்று எல்லாம் மாத வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு சர்வருக்குப் போய்விட்டன. அதை அமைத்துக் கொடுத்தவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைதான். பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்த்துக்கொண்டு, அங்கிருந்தபடியே சர்வருக்குள் நுழைந்து சரிசெய்து கொடுப்பார். அவர் நுழையும் வாசல் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று நிர்வாகிகள் கேட்பதில்லை. பிறர் நம்மை நம்பித் தந்த அமானிதம் உள்ளே இருக்கிறது என்பதால் அவசியம் கேட்க வேண்டும்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு யாரும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கே சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை கையால் எழுதினார்கள். "அது எய்ம்ஸ், நம்முடைய சின்ன சர்வரை யார் தேடி வரப்போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் யாரும் தேடுவதில்லை, புரோகிராம்கள்தான் தேடுகின்றன. இணையத்தில் உள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டி, 'ரூட்', 'அட்மின்' என்ற பெயர்களில் ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கின்றன. சர்வரின் லாகின் பதிவேட்டைத் திறந்தால் இந்த முயற்சிகளை நாமே வரிசையாகப் பார்க்கலாம்.

தூரத்திலிருந்து நுழைவதற்கு இன்று பயன்படும் வழி எஸ்எஸ்ஹெச். அதற்கு முன் இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்ட் திறந்த கடிதம் போலப் பயணித்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, 1995இல் அங்கிருந்த டாட்டு யுலோனன் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். 1999இல் ஓபன்பிஎஸ்டி குழுவினர் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்ஹெச்தான் இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இருக்கிறது.

வழி பாதுகாப்பானதாக இருந்தாலும், பாஸ்வேர்டை ஏற்கும் வரை ஊகித்து நுழையும் ஆபத்து நீங்காது. ஆகவே பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி. 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' என்ற கட்டளையால் ஒரு ஜோடிச் சாவி உருவாக்குகிறோம். 'ஈடி25519' வகை போதும். பொதுச்சாவி சர்வரில் இருக்கும், தனிச்சாவி நம் கணினியை விட்டு வெளியே போகாது. நுழையும்போது நம் கணினி தனிச்சாவியால் ஒரு கையொப்பம் போடுகிறது. அது சரிதானா என்று பொதுச்சாவியை வைத்து சர்வர் பார்த்துக்கொள்கிறது. வழியில் எவர் ஒட்டுக்கேட்டாலும் திருடுவதற்கு எதுவும் இல்லை. தனிச்சாவிக்கும் ஒரு கடவுச்சொல் வைப்பது நல்லது, லேப்டாப் தொலைந்துபோகக் கூடும். சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படி அனுப்பிய சாவியைத் தொலைந்ததாகவே கணக்கில் எடுத்து, புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

சாவி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே பாஸ்வேர்ட் வழியை மூட வேண்டும். அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் அனுமதியை 'நோ' என்று மாற்றி, 'ரூட்' பெயரில் நேரடியாக நுழைவதையும் தடுக்கலாம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. வாடகை சர்வர்கள் சிலவற்றில், துணைக் கோப்புறையில் உள்ள இன்னொரு சிறு கோப்பு பாஸ்வேர்டை அனுமதித்துக்கொண்டே இருக்கும். முதலில் படிக்கப்படும் வரியே செல்லும் என்பதால், நாம் மாற்றியது பலிக்காது. மாற்றிய பிறகு திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், இரண்டாவது ஜன்னலில் நுழைந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்த வீட்டுக்கு வெளியே நாமே நிற்க நேரிடும்.

ஒவ்வொருவருக்கும் தனிச்சாவி இருக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரே சாவி கொடுத்தால், ஒருவர் விலகும்போது யாருடையதை ரத்து செய்வது? தனித்தனியாக இருந்தால் அவருடைய ஒரு வரியை நீக்கினால் முடிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் உள்ளே இருந்தால், வரியை நீக்குவதால் மட்டும் வெளியேற மாட்டார், அந்த இணைப்பையும் துண்டிக்க வேண்டும். பிள்ளை வேலை மாறும்போது இதைச் சொல்லச் சிலருக்குச் சங்கடம். இதில் சந்தேகப்படுவது என்ற பேச்சே இல்லை. அலுவலகச் சாவியைத் திருப்பித் தருவது போன்றதுதான்.

அடுத்து ஆன்டிவைரஸ். "லினக்ஸுக்கு வைரஸ் வராது" என்பது பாதி உண்மை. சர்வருக்குத் தொல்லை தராத கோப்பு, அங்கிருந்து அலுவலகத்தின் விண்டோஸ் கணினிக்கு இறங்கும்போது தொல்லை தரும். கட்டணமில்லாத கிளாம்ஏவி இதற்குப் போதுமானது. அதை நிறுவியதோடு வேலை முடிவதில்லை. வைரஸ் அடையாளப் பட்டியலை 'ஃப்ரெஷ்கிளாம்' தினமும் இறக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மிகப் பழைய பதிப்பாக இருந்தால் அந்தப் பட்டியல் கிடைப்பதே நின்றுவிடும். காவலாளி உடுப்போடு நிற்பார், யாரையும் அடையாளம் தெரியாது.

நினைவகமும் வேண்டும். 3 ஜிபிக்குக் குறையாமல் இருக்க அதன் ஆவணம் பரிந்துரைக்கிறது. மலிவான 1 ஜிபி சர்வரில் ஆன்டிவைரஸ் சத்தமில்லாமல் நின்றுபோகும். விழித்திருக்கிறதா என்று சோதிக்க 'ஐகார்' என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு இருக்கிறது. அது யாருக்கும் தீங்கு செய்யாது. அதையும் பிடிக்கவில்லை என்றால் வேறு எதையும் பிடிக்காது. சந்தேகக் கோப்புகளை உடனே அழிக்கும்படி அமைக்காதீர்கள், தனி இடத்தில் ஒதுக்கும்படி அமையுங்கள். நல்ல கணக்குப் புத்தகமும் தவறாகப் பிடிபடுவதுண்டு.

இரண்டையும் செய்தாலும் பேக்கப் ஒன்று சர்வரோடு இணைக்கப்படாத இடத்தில் இருந்தாக வேண்டும். இணைந்தே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாமல், சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, பதிவேடுகளை அப்படியே வைத்திருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம்.