கணவாய்க் காற்றும் மாட்டுத் தொழுவமும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள எருத்தேன்பதியில் தொழுவம் கட்ட விழைபவர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கூரையின் விலையையே. ஆயினும், தொழுவம் நன்கு பயன்படுமா என்பதைக் கூரைக்கு முன்பே காற்றும் மண்ணும் தீர்மானித்துவிடுகின்றன.

முன்னாளில் இது அத்துணை பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. காங்கேயம் போன்ற நாட்டு மாடுகள் மரநிழலிலும் பனையோலைக் கொட்டகையிலும் வெயிலைப் பொறுத்துக்கொண்டன. 1963-இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வாயிலாக, கேரள நாட்டு மாடுகளுடன் பிரவுன் சுவிஸ் இனம் கலக்கப்பட்டு, சுனந்தினி என்னும் கலப்பினம் உருவாயிற்று. கலப்பினப் பசு மிகுதியாகத் தின்று மிகுதியாகப் பால் சுரக்கிறது. அதன் உடலில் உண்டாகும் உஷ்ணமும் மிகுதி. கோடையில் வெப்பநிலை 40 டிகிரி சென்டிகிரேடை எட்டக்கூடிய இப்பகுதியில் அவ்வுஷ்ணம் வெளியேற வழியில்லையெனில், பசு மூச்சிரைக்கிறது, தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. பால் குறைவதோடு, சினைபிடிப்பதும் தவறுகிறது.

வெயில் மிகுந்த, மழை குறைந்த இடங்களில் தொழுவத்தின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருத்தல் நலம் என்பது பொது விதி. காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். இங்கு ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால், தென்புற இறவாரத்தைப்போலவே வடபுற இறவாரமும் நீண்டிருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் இதே திசையில்தான் ஓடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் வீசுகிறது. கஞ்சிக்கோட்டில் 1995-இல் காற்றாலைகள் நிறுவப்பட்டது இக்காற்றின் வேகத்தை நம்பியே. எனவே தொழுவத்தின் இரு முனைகளும் காற்றுக்கு வாயில்களாகின்றன. மழைச் சாரலுக்கு அஞ்சி மேற்கு முனையை முழுச் சுவரால் அடைத்துவிட்டால், கிழக்குக் காற்று வீசும் நாட்களில் தொழுவம் வாய் திறந்த பையைப்போல் காற்றை வாங்கிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் பெருகிக் கூரையை மேலே தூக்கும். இரு முனைகளிலும் இடுப்பளவுச் சுவர் எழுப்பி மேற்பகுதியைத் திறந்து விடுவதும், கூரையைத் தூண்களோடு இரும்புப் பட்டைகளால் பிணைப்பதும் தக்க ஏற்பாடுகளாம்.

காற்று இரு திசைகளிலிருந்து மாறி வீசுவதால், வீட்டுக்குக் கிழக்கிலோ மேற்கிலோ தொழுவம் அமைந்தால் ஆண்டில் சில மாதங்கள் சாண நாற்றமும் ஈயும் வீட்டுக்கு வந்து சேரும். வீட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ அமைப்பதே மேல். எருக்குழிக்கும் இதுவே விதி. வைக்கோற்போரும் காற்றின் பாதையில் தொழுவத்துக்கு நேராக இருத்தலாகாது; தீப்பிடித்தால் அணைக்க அவகாசம் இராது.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதிகளில், கேரளத்தில் வேறெங்கும் அரிதாகிய கரிசல் மண் காணப்படுகிறது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் மண் இது. தொழுவத்திலோ நாள்தோறும் நீர் கொட்டப்படுகிறது. வடிகாலை ஒட்டிய அஸ்திவாரம் என்றும் ஈரமாகவும், மறுபுறம் வறண்டும் இருக்குமாயின், சுவர் பிளக்கும். ஆகையால் சுவர் குறைத்துத் தூண்கள் மீது நிற்கும் தொழுவமே இம்மண்ணுக்கு ஏற்றது. இத்தகைய மண்ணுக்கென ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண் அஸ்திவாரத்தை வகுத்துள்ளது. குமிழின் விட்டம் தூணின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு. செலவுக்கு அஞ்சுவோர், வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே தூண்குழி தோண்டி, தரையின் அடியிலும் கரிசலை அகற்றிச் சரளை மண்ணை இட்டுக் கெட்டிக்கலாம்.

எட்டுப் பசுக்களை ஒரே வரிசையில் கட்ட, 10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் போதும். தரை, 40 செ.மீ.க்கு 1 செ.மீ. வீதம் சரிந்து, 30 செ.மீ. அகல வடிகாலில் முடிய வேண்டும். மேற்பரப்பில் கோடுகள் இழைத்தால் குளம்பு வழுக்காது.

பனையோலைக் கூரை குளிர்ச்சியானது. ஆயினும் தீக்கு எளிதில் இரையாகும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். ஓடு நீடித்துழைக்கும். ஏற்கெனவே தகரக் கூரை போட்டுவிட்டவர்கள் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. கோடை தொடங்குமுன் அதன்மேல் வெண்சுண்ணாம்பு பூசி, நீண்ட பக்கச் சுவர்களின் மேற்பாதியை அகற்றி, இறவாரங்களை ஓலையால் நீட்டினால், உட்புற உஷ்ணம் கணிசமாகத் தணியும்.