வெனிலா காய் மேல் வெள்ளையாக இருக்கிறதா? தூக்கிப் போடும் முன் இதைப் படிங்க

கொச்சி வல்லார்பாடம் மாதிரியான தீவில் மழைக்காலம் வந்தால் டப்பா உப்பே கசியும். அங்கே வாங்கி வைத்த வெனிலா காய் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தால் என்ன செய்வது?

படிகமா, பூசணமா?
வெளிச்சத்தில் ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலின் படிகம். தாராளமாகப் பயன்படுத்தலாம். மங்கலாக, பஞ்சு மாதிரி படர்ந்து வாடை அடித்தால் பூசணம். துடைத்துவிட்டுப் பயன்படுத்தாதீங்க, எறிந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு விலை?
இந்தியாவில் பூவுக்குப் பூ கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். பச்சைக் காயில் அந்த வாசனை இருக்காது. வெந்நீரில் முக்கி, வியர்க்க வைத்து, மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் மணம் வரும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். 2003 வாக்கில் உச்சத்துக்குப் போன விலை சட்டென்று சரிந்தபோது, கேரள விவசாயிகள் பலர் கொடியையே கைவிட்டார்கள்.

எப்படி வைப்பது?
காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில், இருட்டான அலமாரியில். ஃப்ரிட்ஜ் வேண்டாம், காய் விறைக்கும், ஈரம் கோத்துப் பூசணமும் பிடிக்கலாம்.

எப்படிப் பயன்படுத்துவது?
நீளவாக்கில் கீறி, விதையைச் சுரண்டி, தோலோடு சூடான பாலில் போடுங்கள். அந்தத் தோலைக் கழுவி, நன்றாகக் காயவைத்துச் சர்க்கரை டப்பாவில் போட்டால் சர்க்கரையும் மணக்கும்.