பையும் மூச்சு விடும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அக்டோபரில் குடும்பத்தோடு மூணாறு போய்விட்டு மறையூர், சின்னாறு, உடுமலை வழியாகக் காரில் வீடு திரும்பியிருக்கிறார். சின்னாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியபோது ஆற்றோர மரத்தில் ஒரு சாம்பல் நிற அணில். பையிலிருந்து கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க வெண்புகை படிந்ததுபோல இருந்தது. துடைத்தார், மறுபடி படிந்தது. மூன்றாம் முறை துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அணிலைக் காணோம். "என்னுடையது சாதாரண மெசஞ்சர் பை. எல்லாப் பருவத்தையும் தாங்கும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த விலை உயர்ந்த பை வாங்கினால் இது நேராதா?" என்று கேட்கிறார்.

நேரும். பையின் விலை நான்கு மடங்கானாலும் நேரும். அணிலைத் தப்பவிட்டது பையின் துணி இல்லை, அது திறக்கப்பட்ட நேரம்.

காரில் பை எங்கே இருந்தது என்று அவர் எழுதவில்லை. பெரும்பாலானவர்கள் முன் இருக்கையின் காலடியில்தான் வைப்பார்கள். ஏ.சி.யின் குளிர்காற்று நேராக வந்து இறங்குகிற இடம் அது. இரண்டு மணி நேரத்தில் கேமராவும் லென்ஸும் 16 டிகிரிக்கு வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வெளியே சின்னாறு. மழை மறைவுப் பகுதி, மூணாறோடு ஒப்பிட்டால் வறண்ட காடு. ஆனால் அக்டோபர் மழை பெய்து ஓய்ந்த பிற்பகலில் 27 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அங்கே ஒரு கனமீட்டர் காற்றில் 19 கிராம் நீராவி நிற்கும். அந்தக் காற்றுக்குப் பனிநிலை, அதாவது நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 22 டிகிரி. 16 டிகிரிக் கண்ணாடியை அதில் நீட்டினால் ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வேர்ப்பதுபோல வேர்க்கத்தான் செய்யும். துடைத்தால் நீர்தான் போகும், குளிர் போகாது. மறுபடி மறுபடி படிந்ததற்குக் காரணம் அதுதான்.

இதற்குத் தேவைப்படும் நீரும் மிகக் கொஞ்சம். ஒரே ஒரு சொட்டை 77 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸின் முகம் முழுக்கப் பரப்பினால் தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு கனத்துக்கு வரும். படத்தைக் கெடுக்க அதில் ஒரு பகுதியே போதும்.

இனி, இந்தக் கேள்வியில் என்னை மிகவும் மகிழ்வித்த இடத்துக்கு வருகிறேன். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சின்னாறு சாவடி 450 மீட்டர் அளவில். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இறங்கும்போது நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. மூணாறில் காற்றழுத்தம் சுமார் 845 ஹெக்டோபாஸ்கல், சின்னாறில் சுமார் 960. மூணாறில் மூடிய பைக்குள் 10 லிட்டர் காற்று இருந்தால், சின்னாறு வருவதற்குள் அது எட்டே முக்கால் லிட்டராகச் சுருங்கிவிடும். மீதி ஒன்றேகால் லிட்டரை மடிப்பிலும் ஜிப்பின் பல்லிடுக்கிலும் பை வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்க இறங்க, உங்கள் காலடியில் அந்தப் பை மெல்ல மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே வருகிறது. அடுத்த முறை மேலே ஏறும்போது அதே மூச்சை வெளியே விடும்.

வாசகரின் பை இழுத்த மூச்சு நல்ல மூச்சு. கார் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, உள்ளே ஏ.சி. உலர்த்திய காற்று. மூணாறின் குளிர்ந்த காற்றோடு அதுவும் சேர்ந்துகொண்டது. கேமரா குளிர்ந்திருந்தாலும் அதைச் சூழ்ந்திருந்த காற்றில் வேர்க்கும் அளவுக்கு நீராவி இல்லை. மூடி திறந்த கணத்தில்தான் சின்னாறு உள்ளே புகுந்தது.

ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருகினால் நீளுகிற லென்ஸ் கொல்லன் துருத்திக்குச் சமம். ஒவ்வொரு நீட்டலும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது பதற்றத்தில் நான்கு முறை திருகினால் ஈரம் உள்கண்ணாடிகளுக்குப் போய்விடும். வெளியே படிந்ததைத் துடைக்கலாம், உள்ளே படிந்ததற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டில் கேமராப் பைக்கு நெருங்கிய உறவு இட்லிப் பானை. பையின் உள்தடுப்புகள்தாம் தட்டு. குழிக்கு ஒன்றாக லென்ஸ்கள் உட்கார்ந்திருக்கின்றன. மெத்தைத் துணி, இட்லித் துணி. மேல்மடிப்பு, மூடி. இட்லிப் பானையின் அடியில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும், இந்தப் பானையில் அது இருக்கவே கூடாது. மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாகக் கோத்து நிற்கும் நீர் இட்லிமேல் சொட்டினால் இட்லி சொதசொதக்கும். வெயிலில் நின்ற பையில் நனைந்த துணி இருந்தால் அதே நீர் லென்ஸின்மேல் கோத்து நிற்கும். இறக்கிய சூட்டோடு தட்டைப் பிரித்தால் இட்லி துணியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். கொஞ்சம் ஆறவிட்டுத் தண்ணீர் தெளித்து எடுப்பவருக்கு முழுசாக வரும். கேமராவுக்குத் தெளிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பொறுமை அப்படியே வேண்டும். அது ஆறுவதற்கு, இது சூடேறுவதற்கு.

எவ்வளவு பொறுமை? மூடிய பையில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். மெத்தை நுரை வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும், கேமராவும் லென்ஸும் சேர்ந்த இரண்டு கிலோ உலோகமும் கண்ணாடியும் சூடேற நேரம் எடுக்கும். சாவடியில் போய் ஒரு மணி நேரம் நிற்க முடியாதுதான். மறையூரில் வெல்லம் வாங்க நிறுத்துவீர்கள் அல்லவா, அங்கேயே ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பையைக் காலடியிலிருந்து பின் இருக்கைக்கு மாற்றுங்கள். திறக்காதீர்கள். சின்னாறு போக எப்படியும் அரை மணி ஆகும். அதற்குள் கண்ணாடி 22 டிகிரியை எட்டிவிட வாய்ப்பிருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் கேமராவை ஒரு கெட்டியான ஜிப் கவரில் போட்டுப் பைக்குள் வையுங்கள். வேர்த்தாலும் கவரின் வெளிப்பக்கம்தான் வேர்க்கும். பல ஆண்டு உழைக்கும் கவராகப் பார்த்து வாங்குங்கள், வரையாடும் யானையும் மேயும் இடத்தில் அதை விட்டுவராதீர்கள்.

இப்போது பையை அடுக்குவது. காற்று மோசமான எதிரி இல்லை. 10 லிட்டர் பையில் சின்னாறுக் காற்றே நிறைந்திருந்தாலும் அதில் உள்ள நீர் 0.19 கிராம், நான்கு சொட்டு. நனைந்த ஒரு கைக்குட்டையில் 20 கிராம் இருக்கும். அதாவது நூறு பை காற்றின் ஈரத்தை மடித்து உள்ளே வைத்து மூடுகிறோம். மடக்குக் குடையின் கணக்கு இன்னும் மோசம். அதனால் ஈரமான எதுவும் நடு அறைக்குள் போகக் கூடாது. வெளிப்பக்கப் பையில் குடை, மழைச்சட்டை, துண்டு. நடு அறையில் கேமராவும் லென்ஸும் மட்டும். லென்ஸ் துடைக்கும் துணி தனி உறையில். 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் தன் எடையில் கால் பங்கு நீரை வாங்கும். பைக்காற்றை ஐந்தாறு முறை உலர்த்த அது போதும், கைக்குட்டையின் முன்னால் அது தோற்றுவிடும். புதுப் பையோடு வந்த பொட்டலத்தை மூன்று ஆண்டாக அப்படியே வைத்திருப்பவர்கள் வைத்திருப்பது வெறும் மணல். நீல மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டால் அது நிறைந்துவிட்டது என்று பொருள். நிறைந்த மணிகளை அடுப்பில் 110, 120 டிகிரியில் காயவைத்து மீட்கலாம், சமையல் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

விளம்பரம் சொல்லும் 'நீர் புகாத துணி' பொய் இல்லை. மழை உள்ளே வராது. அதே பூச்சு உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேயும் விடாது என்பதை விளம்பரம் சொல்வதில்லை. நனைந்த குடையை உள்ளே திணித்துக்கொண்ட நீர் புகாத பை, தரமான இட்லிப் பானை.

எடையைப் பற்றிச் சுருக்கமாக. நாலு கிலோ பை முதுகுத்தண்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இடுப்போரம் தொங்கினால், தண்டிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும் மறுபக்கத் தசை அதை நேர்செய்ய 16 கிலோவுக்கு இழுக்க வேண்டும். தோராயக் கணக்குத்தான், ஆனால் மாலையில் வலிக்கும் இடம் தோராயமாக இருக்காது. கனமான லென்ஸை உடலை ஒட்டிய அறையில் வைத்து அந்த 20-ஐ 16 ஆக்கினால் தசையின் பாரம் 13 கிலோவுக்கு இறங்கும். அரை நாள் நடைக்குமேல் என்றால் முதுகுப் பைதான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் மெசஞ்சர் பை எதற்கு? அட்டைக்காக. மழைக்காலத்தில் சோலைக்காட்டில் முதுகுப் பையைத் தரையில் வைத்துத் திறந்தால், எடுக்கும்போது பட்டையில் நாலு அட்டை நெளியும். குறுக்காக மாட்டிய பையை வயிற்றுக்கு முன்னால் இழுத்தால் அதுவே மேசை. நின்றபடி லென்ஸ் மாற்றலாம், தரையைத் தொட வேண்டியதில்லை.

இந்தப் பையின் வரலாற்றையும் கேட்பீர்கள். அமெரிக்காவில் 'பிலடெல்பியா இன்குவைரர்' நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி, 1970-களின் நடுவில் தன் வேலைக்கு ஏற்ற பை கிடைக்காமல் தானே ஒன்றை வடிவமைத்தார். இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனம் மீன்பிடிப் பைகளில் தொடங்கிக் கேமராப் பைக்கு வந்தது. நம் பக்கத்தில் திருவிதாங்கூரின் அஞ்சலோட்டக்காரர், சலங்கை கட்டிய கோலும் கடிதப் பையுமாகக் காட்டுவழி ஓடினார். மூணாறும் சின்னாறும் இருக்கும் இன்றைய இடுக்கியும் அந்த அஞ்சலின் எல்லையில்தான் இருந்தது. 1951-இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. கடிதம் நனையக் கூடாது என்ற கவலை அவருக்கும் இருந்திருக்கும். வரலாறு இவ்வளவு போதும்.

வீடு வந்தபிறகு பெரும்பாலோர் செய்யும் தவறு, கேமராவைப் பையிலேயே விட்டுவைப்பது. பயணத்தில் காத்த அதே மெத்தை, அலமாரியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 60, 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸ் தூசியிலும் விரல் எண்ணெயிலும் பூஞ்சை வேர்விடும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்தால் துடைத்தாலும் தடம் போகாது. என் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸை அப்படித்தான் இழந்தேன். பையைத் திறந்து வெயிலில் போடுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில், காயவைத்த சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

அரிசி டப்பாவில் புதைக்கச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். கடை அரிசியில் ஏற்கெனவே 12, 13 விழுக்காடு நீர் இருக்கிறது. 65, 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் நிற்கும் அளவு அது. அதற்குக் கீழே அரிசியால் எதையும் உலர்த்த முடியாது. மாவுத்தூசி வேறு பூஞ்சைக்குச் சாப்பாடாகும்.

கொழிஞ்சாம்பாறை வாசகருக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த முறை மூணாறில் கிளம்பும்போது ஓர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து இறுக்கி மூடிக் குழந்தைகளிடம் கொடுங்கள். சின்னாறில் லென்ஸ் சூடேறக் காத்திருக்கும் நேரத்தில் அவர்களையே திறக்கச் சொல்லுங்கள். மூடி சற்று அடம்பிடிக்கும். பிறகு உஸ்ஸென்று ஒரு சத்தம், வெளிக்காற்று உள்ளே போகிற சத்தம்.