விமான எஞ்சினுக்கு ஒரு மருந்து

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

வீட்டில் தையல் இயந்திரம் ‘கிரீச்’ என்று சத்தமிட்டால், அம்மா இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார். உடனே அது சாதுவாகிவிடும். ஆனால் ஆகாயத்தில் பறக்கும் விமானத்தின் எஞ்சின் மக்கர் செய்தால், நடுவானில் நிறுத்தி எண்ணெய் விட இயலுமா? ஒரே எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில், அந்த எண்ணெயை நம்பியே விமானியின் உயிர் இருக்கிறது. அதனால்தான், எண்ணெயுடன் வேறொரு மருந்தையும் கலக்கலாமா என்ற கேள்வி மிகப் பெரிய கேள்வியாகிறது.

சிறு விமானங்களில் இருப்பது, ஸ்கூட்டரில் உள்ளது போன்ற பிஸ்டன் எஞ்சின்தான். பெரும்பாலும் அது காற்றாலேயே குளிர்விக்கப்படுகிறது. எண்ணெய் அதற்கு இரத்தம் போன்றது. அது உராய்வைக் குறைக்கிறது, சூட்டை எடுத்துச் செல்கிறது, கசடுகளைச் சுமக்கிறது, துருவைத் தடுக்கிறது.

அப்படியானால் கார் எண்ணெயை ஊற்றினால் என்ன? ஊற்றக் கூடாது. கார் எண்ணெயில் அழுக்கு நீக்குவதற்காக உலோகம் கலந்த பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அச்சாம்பல் சிலிண்டருக்குள் படிந்து தணல்போல் கனன்று, எரிபொருளை உரிய நேரத்துக்கு முன்பே பற்றவைத்துவிடும். பிஸ்டனே உருகிப் போகலாம். ஆகவே விமானங்களுக்கென்று சாம்பல் தராத எண்ணெய் தயாரிக்கிறார்கள். ஓர் எஞ்சினுக்கு நன்மை செய்யும் பொருள் இன்னோர் எஞ்சினுக்குத் தீமையாவதைப் பார்த்தீர்களா?

இனி மருந்தின் கதைக்கு வருவோம். உலகிலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானம், அமெரிக்காவின் செஸ்னா 172. அதன் 1977ஆம் ஆண்டு மாதிரியில், லைக்கமிங் நிறுவனத்தின் 160 குதிரைத் திறன் கொண்ட புதிய எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் பெயர் ஓ-320-எச். சிறிது காலத்திலேயே அதில் ஒரு நோய் தெரிந்தது.

எஞ்சினுக்குள் காம் ஷாப்ட் என்றொரு தண்டு உண்டு. அதிலுள்ள முட்டை வடிவப் புடைப்புகள், டாப்பெட் என்னும் சிறு உருளைகளைத் தள்ளி வால்வுகளைத் திறக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 2700 சுற்றுச் சுற்றினால், இத்தண்டு 1350 சுற்றுச் சுற்றும். புடைப்பின் முனையில் அழுத்தம் மிக அதிகம். எண்ணெய்ப் படலம் அங்கே பிதுங்கி விலகினால் இரும்பும் இரும்பும் உரசும். புதிய எஞ்சினில் அவ்விடத்து உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்தது.

இதற்கு லைக்கமிங் நிறுவனம் ஒரு மருந்தைத் தந்தது. அதில் பாஸ்பேட் வகைப் பொருள் உள்ளது. உரசிச் சூடேறும் இடத்தில் அது இரும்புடன் சேர்ந்து மெல்லிய தோல்போல் படியும். உராய்வில் அத்தோல் தேயும், இரும்பு பிழைக்கும், மீண்டும் புதிய தோல் உண்டாகும். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், இவ்வகை எஞ்சின்களில் இம்மருந்தைக் கட்டாயமாக்கியது. 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒரு முறை, 6 அவுன்சு கொண்ட ஒரு சிறு டப்பா. அவ்வளவே!

ஆனால் மருந்து மட்டும் நோயைத் தீர்த்துவிடவில்லை. டாப்பெட்டின் வடிவத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. 1981ஆம் ஆண்டு மாதிரியில் செஸ்னா நிறுவனம் வேறு எஞ்சினையே பொருத்திவிட்டது. அமைப்பில் உள்ள குறையை மருந்தால் முழுவதும் மறைக்க முடியாது அல்லவா?

“ஒரு டப்பா நல்லதென்றால் கடையில் விற்கும் மற்றவற்றையும் ஊற்றுவோமே” என்று சிலர் எண்ணலாம். அது தவறு. இன்று சில விமான எண்ணெய்களில் இம்மருந்து முன்பே கலந்திருக்கிறது. அவற்றில் மறுபடி ஊற்றத் தேவையில்லை. எஞ்சின் செய்தவர்கள் அனுமதிக்காத எதையும் சேர்க்கக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. விமானம் பல வாரம் சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும். லைக்கமிங் எஞ்சின்களில் காம் ஷாப்ட் மேற்பகுதியில் இருப்பதால் அது வறண்டு துருப்பிடிக்கும். இதற்குச் சிறந்த வழி, முப்பது நாளுக்குள் ஒரு முறையேனும், எண்ணெய் நன்கு சூடேறும்படி ஒரு மணி நேரம் பறப்பது. தரையில் நிறுத்தி ஓட்டுவது போதாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். 50 மணிக்கு ஒரு முறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு முறை, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.

தோழியரே, தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் கண் விழித்துப் படிக்கும் நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. அன்றாடம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கடைசியில் மருந்தைத் தேடிப் பயனில்லை. நாளை நம்மில் ஒருத்தி விமானியாகலாம். அன்று யாரேனும் ஒரு புட்டியை நீட்டி, “இதை ஊற்றினால் எல்லாம் சரியாகும்” என்று சொன்னால், அவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது எந்த நோய்க்கு மருந்து?”