நூலுரிமையும் பொதுவுரிமையும்

உதகையிலே புத்தகக் கடைக்குச் செல்லும் மாணவர், பாரதியார் கவிதைகளைப் பல பதிப்பகத்தார் வெளியிட்டிருத்தலைக் காண்பர். குறைந்த விலைக்கும் அந்நூல் கிடைக்கும். இவ்வெளிமை தானே வந்ததன்று.

தம் எழுத்துக்களை 40 நூல்களாக வெளியிட விரும்பி, 1920-இல் அன்பரிடம் பொருளுதவி வேண்டினார் கவிஞர். எண்ணம் கைகூடுமுன் 1921-இல் மறைந்தார். 1928-இல் ஆங்கில அரசாங்கம் அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. இஃது ஆட்சியால் வந்த தடை. பின்னர், அப்பாடல்களை இசைத்தட்டிற் பதிக்கும் உரிமை கைம்மாறி ஏ. வி. மெய்யப்பரை அடைந்தது. டி. கே. எஸ். சகோதரர் தம் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடலைச் சேர்த்தபோது பிணக்கெழுந்தது. இது வாணிகத்தால் வந்த தடை. ஒரு மக்களின் பாட்டைத் தனியொருவர் உடைமையாக்கலாமோ என்று தமிழ்நாடு வினவிற்று. 1949-இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமைகளை ஏற்றது. மெய்யப்பர் தம் பங்கை விலையின்றி ஈந்தார். சில ஆண்டுகளில் அவர் எழுத்துக்கள் பொதுவுடைமையாயின.

இதனால் நூலாசிரியனுக்கு உரிமையே வேண்டா என்பது கருத்தன்று. உழைத்தவன் ஊதியம் பெறுதல் நீதி. ஆசிரியன் வாழ்நாளிலும், மறைந்தபின் 60 ஆண்டளவும் நம் நாட்டுச் சட்டம் அவ்வுரிமையைக் காக்கின்றது. எல்லை குறித்ததே அதன் சிறப்பு: எல்லைக்குள் அஃது எழுதுவோனைக் காக்கும்; எல்லை கடந்தபின் நூல் எல்லார்க்கும் உரித்தாகும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, வாழும் ஆசிரியரின் நூலைக் களவாய் அச்சிட்ட படியில் வாங்காதிருப்போமாக. பாரதியார் வேண்டியும் பெறாத உதவியை இன்றைய எழுத்தாளர்க்கு நாம் அளிக்கும் வழி அதுவே.