சிறிய இயந்திரப் பிக்கப்: யாருக்கு இலாபம்?

சுபாங் ஜெயாவில் குளிர்சாதனம் பொருத்துபவர், குழாய் பழுதுபார்ப்பவர் எனச் சிறு குத்தகையாளர் பலருக்குப் பிக்கப்தான் பிழைப்பு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தபோது அவர்களின் கணக்கே புரண்டது.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுபவரை எடுத்துக் கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி 200 லிட்டர் குடிக்கும். அந்த விலையேற்றத்தால் கூடுதல் செலவு 240 வெள்ளி. 12.5 கிலோமீட்டர் ஓடினால் 160 லிட்டர் போதும். கூடுதல் 192 வெள்ளிதான். தகுதி பெற்ற தனிநபருக்கு அரசாங்கம் அப்போது அறிவித்த புடி மடானி உதவித் தொகையோ மாதம் 200 வெள்ளி. முன்னவருக்குக் கைப்பணம் போனது; பின்னவர் தப்பினார். வண்டி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இந்தத் தனிநபர் உதவி கிடையாது. பலர் இதைப் பிறகுதான் கவனித்தனர்.

சிறிய இயந்திரம் என்றால் சோனி என்று எண்ண வேண்டாம். 2019-இல் மலேசியச் சந்தைக்கு வந்த இசுசு டி-மேக்ஸ் 1.9 லிட்டர் இயந்திரத்தின் ஆற்றல் 150 குதிரைத் திறன். அதற்கு முந்திய 2.5 லிட்டருக்கு 136தான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ சிறிய இயந்திரத்துக்கும் வலு தரும். ஆனால், நாள்தோறும் முழுப் பாரம் ஏற்றி மேடு ஏறுபவருக்கு அந்தச் சிக்கனம் வழியிலேயே கரைந்துவிடும். ஏணியும் கருவிப் பெட்டியும் மட்டும் ஏற்றுபவருக்குப் பெரிய இயந்திரம் வீண் சுமை.